ஒரு சாண் மாப்பிள்ளைக்கு ஒரு நைட்ரோ வண்டி

என் பெயர் அய்யாப்பழம். வயது இருபத்து நான்கு. இருப்பது சார்ஜாவில், ஒரு அலுமினிய ஜன்னல் கம்பெனியின் கேம்ப்பில், மூன்றாம் மாடி, கீழ்க்கட்டில். சொந்த ஊர் திசையன்விளைக்கு மேற்கே முந்திரிவிளை. அக்கா கல்யாணத்துக்கு நான் ஊருக்குப் போக வேண்டும். அதற்கு முதலில் ஒரு நைட்ரோ வண்டி எடுக்க வேண்டும்.

நைட்ரோ வண்டி என்பது ரிமோட்டில் ஓடும் சின்னக் கார். பொம்மை என்று சொன்னால் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். பேட்டரி கிடையாது. உள்ளே நிஜ எஞ்சின் இருக்கிறது. எரிபொருள் ஊற்ற வேண்டும். புகை விடும். பெரிய வண்டி கொடுக்கும் எல்லாத் தொந்தரவையும் கொடுக்கும். நான் இதுவரை எந்த வண்டியும் எடுத்ததில்லை. ஊரில் ஓட்டிய சைக்கிள்கூட அப்பாவுடையது.

இந்த வண்டி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போன் கேட்டது.

எனக்குக் கையுறையைக் கழற்றக் கூடாத வேலை. அதனால் வீட்டுக்கு மெசேஜ் எல்லாம் வாயால்தான். நான் சொல்வேன், போன் எழுதும். அம்மாவுக்கு விமானம் என்ற சொல்லே ஆகாது. காதில் விழுந்தால் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவாள். ஆகவே எங்கள் வீட்டில் விமானத்தை வண்டி என்றுதான் சொல்வோம். காலையில் போவது காலை வண்டி. ராத்திரியில் போவது நைட்டு வண்டி.

நான் சொன்னது இது: "நைட்டு வண்டி ஏறி வாறேன். அத்தானை நான்தான் கையப் புடிச்சு இறக்குவேன்."

போன் எழுதியது இது: "நைட்ரோ வண்டி ஏத்தி வாறேன். அத்தானை நான்தான் கையப் புடிச்சு இறக்குவேன்."

இரண்டாவது வாக்கியத்தைப் போன் சரியாக எழுதியது. பிறகு பெரிய தொந்தரவு கொடுத்தது அந்த வாக்கியம்தான்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு என்றால் மாப்பிள்ளை காரில் ஊர்வலம் வருவார். மண்டப வாசலில் கார் நிற்கும். பெண்ணின் தம்பி கையைப் பிடித்து இறக்கினால்தான் இறங்குவார். மழை பெய்தாலும் இறங்க மாட்டார். எங்கள் பெரியப்பா மகள் கல்யாணத்தில் தம்பிக்காரன் பூ வாங்கப் போய்விட்டான். மாப்பிள்ளை காருக்குள்ளேயே உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். பந்தி முடிந்துதான் இறங்கினார். அந்த அக்காவை இன்றுவரை பஜ்ஜிக்காரி என்றுதான் சொல்கிறார்கள். என் அக்காவுக்கு அப்படி ஒரு பெயர் வரக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மெசேஜைத் திருத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் கட்டடத்தில் எழுதியது எழுதியதுதான். எனக்கு மேல்கட்டிலில் இருந்த கோயில்பிள்ளை அண்ணாச்சி நாசரேத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு ஒரு ஏசி வாங்கி அனுப்பினார். அவர் மனைவி, "நீங்களே வந்த மாதிரி இருக்கு" என்று மெசேஜ் போட்டார். மறுநாள் காலையில் அண்ணாச்சி ஏசியாகிவிட்டார். ஆனால் இங்கேயே, எங்கள் அறையில். இப்போது என் தலைக்கு மேலே சுவரில் இருக்கிறார். இருபத்து நாலில் வைத்தால் நன்றாகப் பேசுவார். பதினெட்டில் வைத்தால் சிடுசிடுப்பார்.

அக்கா சந்தனமாரி உடனே கூப்பிட்டாள்.

"ஏல, நைட்ரோ வண்டியா?"

"இல்லக்கா. நைட்டு வண்டி."

"வாசிச்சாச்சுல. ஊரே பேசுது. அப்பா கார்காரர வேண்டாம்னுட்டாவ."

"எந்தக் கார்காரர?"

"அத்தான் ஊர்வலம் வாற காரு. அதுக்குத்தான நீ வண்டி கொண்டாற?"

"அக்கா, அது ஒரு முழம்தான் இருக்கும்."

"அத்தான் வீட்டுலயும் சொல்லியாச்சு. ரொம்பச் சந்தோசப்பட்டாவ. பெரிய காருல எல்லாரும்தான் வாறாவளாம்."

பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏட்டி, அது பறக்குமா?"

"பறக்காதும்மா. தரையிலதான் ஓடும்," என்றாள் அக்கா.

"அப்ப நல்ல வண்டி," என்றாள் அம்மா.

அதோடு பேச்சு முடிந்தது. அம்மா நல்லது என்று சொன்னதை எங்கள் வீட்டில் யாரும் திருத்துவதில்லை.

லீவு கேட்கக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். டிக்கெட் பார்ப்பவர் தேவசகாயம் சார். அவர் முன்னால் இருக்கும் கவுண்டர் வழக்கமாக என் நெஞ்சு உயரம். அன்று தாடை உயரம் வந்திருந்தது.

"ஒனக்கு டிக்கெட் கெடையாதே தம்பி. நீதான் வண்டியில போறியே."

"சார், வண்டி எனக்கில்ல. மாப்பிள்ளைக்கு."

"மாப்பிள்ள எங்க இருக்காரு?"

"ஊர்ல."

"வண்டி?"

"இன்னும் எடுக்கல சார்."

"எது எங்க இருக்குன்னே தெரியாம லீவு கேக்குற." அவர் கவுண்டர் மேல் ஒரு வாழைப்பழத்தை வைத்தார். கம்பெனிக்கு என் பெயரைப் போன்தான் எழுதி அனுப்பியது. "ஐயா, பழம்" என்று எழுதிவிட்டது. அதனால் நான் போகும்போதெல்லாம் ஒரு பழம் தருவார்கள். நான் வாங்கிக்கொள்வேன். மறுத்தால் பெயரை மறுத்ததாக ஆகிவிடும்.

"வண்டிய எடு. அது எங்க போணுமோ அதுக்கு லீவு போட்டுத் தாரேன்."

"அதுக்கா சார், எனக்கா?"

"பழத்த எடுத்துக்கோ," என்று குரல் மட்டும் வந்தது. கவுண்டர் என் கண்ணுக்கு மேலே போய்விட்டிருந்தது.

அறைக்கு வந்து படுத்தேன்.

"காத்து வருதால?" என்றார் கோயில்பிள்ளை அண்ணாச்சி.

"வருது அண்ணாச்சி. நைட்ரோ வண்டி எடுக்கணும்."

"மொத வண்டிக்கு நைட்ரோ எடுக்காத. பேட்டரி வண்டி எடு. எழவு, சொன்னபடி கேக்கும்."

"மெசேஜ்ல நைட்ரோன்னு போயிட்டு."

அவர் கொஞ்ச நேரம் வெறும் காற்றை விட்டார். "அப்ப எடுத்துதான் ஆகணும். ஆனா கேட்டு எடு. குளிக்கிற ரூமுக்கு அடுத்த கதவு. பாக்கியம்னு தூத்துக்குடிக்காரி ஒருத்தி கட வச்சிருக்கா."

"என்ன பாத்து எடுக்கணும் அண்ணாச்சி?"

"உதிரி சாமான் கெடைக்குமான்னு பாரு. மத்ததெல்லாம் சும்மா. எனக்கு இங்க ஃபில்ட்டர் கெடைக்கல."

அவரிடமிருந்து இரண்டு சொட்டு தண்ணீர் விழுந்தது. அழுகையா வழக்கமான சொட்டா என்று எனக்குத் தெரியவில்லை. வாளியை நகர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

குளியலறை பக்கத்தில்தான். அதைத் தாண்டினால் அடுத்த கதவு. நான் நடந்தேன். குளியலறையும் என்னோடு நடந்தது. நான் வேகமாக நடந்தேன். அதுவும் வேகமாக வந்தது. நின்றேன். அதுவும் நின்றது. உள்ளேயிருந்து முகம் முழுக்கச் சோப்போடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"நீங்க முன்னால போங்க. நாங்க வாறோம்."

நான் போனைப் பார்ப்பது போல் குனிந்தேன். குளியலறை அசந்த நேரத்தில் சட்டென்று அடுத்த கதவுக்குள் நுழைந்துவிட்டேன்.

கடை முழுக்க விளக்கெண்ணெய் வாசனை. நைட்ரோ வண்டி குடிக்கும் எரிபொருளில் விளக்கெண்ணெயும் கலப்பார்களாம். பாக்கியம் அக்கா கொண்டையில் பூவுக்குப் பதில் ஒரு திருப்புளி வைத்திருந்தார். அலமாரிகளில் வண்டிகள் வரிசையாக நின்றன. நான் உள்ளே வந்ததும் முன்சக்கரங்களை என் பக்கம் திருப்பின.

"யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு."

"ஒனக்கு இல்லல்லா?"

"இல்லக்கா."

"நல்லதாப் போச்சு. தனக்குன்னு எடுக்கவனுக்கு ஆச ஜாஸ்தி. வண்டி தாங்காது. பேட்டரியா, நைட்ரோவா?"

"நைட்ரோ."

"தெரிஞ்சுதான் சொல்லுதியா? பேட்டரி வண்டி பசு மாதிரி. இது அப்படி இல்ல. வெயில் கூடுனாலும் கோவிக்கும். மேகம் போட்டாலும் கோவிக்கும். தெனமும் அதுக்க எண்ண அளக்குற ஊசியத் திருகி சமாதானம் பண்ணணும். ஓடி முடிஞ்சதும் தொடச்சு, எண்ண விட்டு, படுக்க வைக்கணும்."

"மெசேஜ் போயிட்டுக்கா."

"அப்ப சரி," என்றார் உடனே. "பிரிச்சதா, பூட்டுனதா?"

என் சட்டைப் பையில் போன் வீட்டோடு பேசும் நிலையிலேயே இருந்தது. முந்திரிவிளையில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பிரிச்ச வண்டின்னா பெட்டியில சாமான் சாமானா வரும். நீயே பூட்டணும். வண்டியப் பத்தி நல்லா வெளங்கும். ஆனா ஒண்ணு, மாப்பிள்ளையும் அப்படித்தான் வருவாரு."

"பூட்டுனதே எடுல!" என்று பைக்குள்ளிருந்து அக்கா கத்தினாள்.

"பூட்டுனது," என்றேன்.

"ரோடு எப்படி?"

"மாப்பிள்ள வீட்டுலருந்து தாரு. கோயில் வரைக்கும் சிமெண்டுக் கல்லு. மண்டப வாசல்ல தேரி."

தேரி என்பது எங்கள் பக்கத்துச் செம்மணல். மாட்டு வண்டிச் சக்கரமே பாதி புதையும். பாக்கியம் அக்காவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தூத்துக்குடிக்காரி.

"தேரியா? அப்ப பக்கிதான் எடுக்கணும்."

"யாரச் சொல்லுதீய?"

"வண்டியச் சொல்லுதேன். அந்த வகைக்குப் பேரு பக்கி. சக்கரத்துல முள்ளு முள்ளா இருக்கும். மணல்ல பிச்சிக்கிட்டுப் போவும்."

பைக்குள் ஒரே சலசலப்பு. "ஏல, அவியளப் பக்கியில ஏத்துனா அவிய அப்பா என்ன நெனைப்பாவ?"

"பேர வெளிய சொல்லாதம்மா," என்றார் பாக்கியம் அக்கா என் பையைப் பார்த்து. "அடுத்து அளவு. பத்துல ஒண்ணா, எட்டுல ஒண்ணா? நெஜ வண்டிய எத்தன பங்காக் கொறச்சிருக்குன்னு கணக்கு. மொத வண்டின்னா பத்துல ஒண்ணுதான். சின்னது. கைக்கு அடங்கும். மோதுனாலும் சேதம் கம்மி."

நான் பத்தில் ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வீட்டில் பேரம் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார் போல.

"எங்க பையன் பேங்குல கேஷியரு. பத்துல ஒண்ணெல்லாம் கொறைக்க முடியாது. எங்க ஆளுவ என்ன பேசுவாவ?"

"அஞ்சுல ஒண்ணு இருக்கான்னு கேளுல," என்றார் என் அப்பா. அவர் எப்போதும் சம்பந்திக்கு விட்டுக்கொடுப்பவர்.

"அது நைட்ரோ இல்ல, பெட்ரோல் வண்டி," என்றார் பாக்கியம் அக்கா. "மெசேஜுக்கு ஒத்து வராது."

சம்பந்தி காபி உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"எட்டுல ஒண்ணுன்னா சரி," என்றார். "அதுக்குக் கீழ எறங்க மாட்டோம்."

"எட்டுதான் சரி," என்றார் பாக்கியம் அக்காவும். "மனுசனுக்கு எண்சாண் ஒடம்பு. எட்டுல ஒண்ணுன்னா ஒரு சாண். கணக்கு தீந்து போவும். பத்துல வகுத்தா மிச்சம் வரும். மிச்சத்த எங்க கொண்டு வைக்கிறது?"

அவர் கையை விரித்து என் வயிற்றின் மேல் வைத்து அளந்தார். "ஒரு சாண். இதுக்குத்தான நீ இங்க வந்த?"

"ஆமாக்கா."

"மாப்பிள்ளையும் இவ்ளோதான் வருவாரு."

லிங்கதுரை அத்தான் போனுக்கு வந்தார். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. நல்ல கனத்த குரல்.

"மச்சான், எட்டுல ஒண்ணுன்னா பட்டு வேட்டி எந்த அளவு எடுக்கணும்?"

"கைக்குட்ட போதும் அத்தான்."

"கர வச்ச கைக்குட்டையாப் பாக்கச் சொல்லணும். செருப்பு?"

பேசப் பேசக் குரல் சன்னமாகிக்கொண்டே போனது. செருப்பு என்று அவர் சொன்னது கொசு சொன்னது போல் இருந்தது.

"அக்கா," என்றேன். "ஒனக்குச் சம்மதமா?"

"எனக்கென்னல? நான் முழுசாத்தான இருக்கேன். அவியள இடுப்புல வச்சுக்கிடுவேன். நீ வந்து எறக்கு. அது போதும். ஊருக்காரி ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாது."

நான் உடனே எட்டில் ஒன்றைக் காட்டினேன். சிவப்பு. முதுகில் ஒரு சின்னக் கூரை போல இறக்கை. பாக்கியம் அக்கா அதை எடுத்துக் கவிழ்த்து, கொண்டையிலிருந்து திருப்புளியை உருவி ஒரு ஊசியைக் கால் சுற்றுத் திருப்பினார்.

"ரிச்சா வைக்கேன்."

"நான் அவ்வளவு ரிச் இல்லக்கா."

"ஒன்ன யாருல சொன்னா? எஞ்சினச் சொல்லுதேன். எண்ண அதிகமாப் போனா ரிச்சு. கொறஞ்சா லீனு. லீனா வச்சா வேகமா ஓடும், சீக்கிரம் சாவும். ஒன்ன மாதிரி ஆளுவ எல்லாம் லீனாத்தான் ஓடுதீய. புது எஞ்சினும் புது மாப்பிள்ளையும் ஒண்ணு. மொத நாலு டேங்கு வெரட்டக் கூடாது. நல்லாக் குடுத்து மெதுவா ஓட்டிப் பழக்கணும். பொக வந்துக்கிட்டே இருக்கணும்."

"அப்புறம்?"

"அப்புறம் இத நல்லாக் கேட்டுக்கோ. புதுசு, ஒரே எடத்துல ரொம்ப நேரம் நின்னா அணஞ்சிரும். அணஞ்சா ரிமோட்டுல எழுப்ப முடியாது. பக்கத்துல ஆளு நின்னு கயித்த இழுக்கணும். நாமளா நிறுத்தணும்னாலும் ரிமோட்டுல முடியாது. சைலன்ஸர் வாயத் துணியால அடைக்கணும்."

"அப்ப ரிமோட்டுல என்னதான் முடியும்?"

"போக வைக்கலாம். திருப்பலாம். தூரத்துல இருக்கவனுக்கு அதுக்கு மேல என்னல வேணும்?"

கோயில்பிள்ளை அண்ணாச்சி சொன்னது நினைவுக்கு வந்தது.

"உதிரி சாமான் கெடைக்குமா?"

"வண்டிக்குக் கெடைக்கும். மாப்பிள்ளைக்குக் கெடைக்காது. பாத்து ஓட்டு."

ரிமோட்டை என் கையில் கொடுத்தார். துப்பாக்கியில் இருப்பது போல விரலால் அழுத்தும் ஒரு குதிரை, பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம். நான் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது மேஜை காலியாக இருந்தது.

"வண்டி எங்கக்கா?"

"ஊருக்குப் போயிட்டு."

போன் அடித்தது. தேவசகாயம் சார். "தம்பி, ஒன் வண்டிக்கு லீவு சாங்ஷன் ஆயிட்டு. நல்லபடியாப் போயிட்டு வரட்டும். பழம் அதுகிட்டயும் ஒண்ணு குடுத்தாச்சு."

"அக்கா, அப்ப நான் எதுல போறது?"

பாக்கியம் அக்கா என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "நைட்ரோ வண்டியில ஓட்டுறவனுக்கு சீட்டு கெடையாதேல. பாத்துதான எடுத்த?"

பார்த்துதான் எடுத்தேன். சக்கரத்தைப் பார்த்தேன். ஊசியைப் பார்த்தேன். டேங்க்கைப் பார்த்தேன். சீட்டைப் பார்க்கவில்லை.

"ரிமோட்டு வச்சிருக்கவன் நின்ன எடத்துல நிக்கணும். அதுக்குன்னு மாடியில எடம் இருக்கு. போ. வண்டி போய்ச் சேந்ததும் அங்க கல்யாண நாளும் வந்துட்டு, ஊர்வலம் கெளம்பப் போவுது."

மொட்டை மாடிக்குப் போனேன். நல்ல காலை வெயில். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு நீளமான மேடை போட்டிருந்தார்கள். எங்கள் கேம்ப்பில் பாதிப் பேர் அதன் மேல் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். எல்லார் கையிலும் ரிமோட். எல்லாரும் கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போய்விட்டார்கள் என்று நான் நினைத்திருந்த பழைய ஆட்கள் பலர் அங்கே இருந்தார்கள்.

பக்கத்தில் நின்றவர் சோப்போடு எட்டிப் பார்த்தவர். இன்னும் முகம் கழுவவில்லை.

"நீங்க என்ன ஓட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"வீடு. இப்பதான் லிண்டல் மட்டம் வந்திருக்கு."

"அவரு?"

"மகளோட ஸ்கூல் வேன். மூணாவதுலருந்து ஓட்டுறாரு. இப்ப காலேஜ்."

"எறங்க மாட்டாரா?"

"வளைவு வருது, பேச்சுக் குடுக்காதீங்க," என்றார் வேன்காரர்.

எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். நான் மேடையில் ஏறினேன். காதில் போனை மாட்டிக்கொண்டு குதிரையை மெல்ல அழுத்தினேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு எஞ்சின் கீச்சென்று கிளம்பியது.

"வருது, வருது!" என்றாள் அக்கா. அவள் மண்டப மாடியில் ஜன்னலோரம் நின்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பொகையப் பாரு! ஏல, நாதஸ்வரக்காரர் குனிஞ்சுக்கிட்டே ஊதுதாரு."

"அத்தான் எப்படி இருக்காவ?"

"கம்பீரமா இருக்காவ. மாலை கொஞ்சம் பெருசு. மூக்கு மட்டும் தெரியுது."

தார் ரோடு சுலபமாகப் போனது. சிமெண்டுக் கல் வந்தபோது அத்தான் குரல் கேட்டது. "மச்சான், மெதுவா. பல்லு ஆடுது." நான் குதிரையைத் தளர்த்தினேன். கோயில் திருப்பத்தில் ஒரு சிக்கல் வந்தது. வண்டி நம்மை விட்டுப் போகும்போது வலது வலதுதான். நம்மை நோக்கி வரும்போது வலது இடதாகிவிடும். அத்தான் என்னை நோக்கி வருகிறாரா, என்னை விட்டுப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது.

"ஏல, வாய்க்கா! வாய்க்கா!" என்றாள் அக்கா.

சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பினேன். எங்கிருந்தோ ஒரு கோழி கத்தியது. பிறகு மறுபடி நாதஸ்வரம். தேரி மணலில் வண்டி நீந்துவது போல் போனதாக அக்கா சொன்னாள். மண்டப வாசல் வந்தது. நாதஸ்வரம் நின்றது. எஞ்சின் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அத்தான் கையை நீட்டிவிட்டாராம்.

"மச்சினன் எங்க?" என்றார் சம்பந்தி.

எல்லாரும் ரோட்டை எட்டிப் பார்த்தார்கள்.

"அய்யாப்பழம்!" என்று அம்மா கூப்பிட்டாள். யாரோ அவசரமாக ஒரு பழத்தட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

சித்தப்பா மகன் சொரிமுத்து முன்னால் வந்தான். "மாமா, நான் எறக்குதேன்."

"மெசேஜ்ல என்ன போட்டிருக்கு? 'நான்தான்'னு போட்டிருக்கு. நீ யாரு?" என்றார் சம்பந்தி.

"சொரிமுத்து."

"பாத்தியா. நீ சொரிமுத்து. 'நான்' இல்ல. ஆள் மாறாட்டமெல்லாம் எங்ககிட்ட வேண்டாம்டே."

எஞ்சின் இருமத் தொடங்கியது. இதற்கு மேல் நின்றால் அணைந்துவிடும். மண்டபத்தில் கயிறு இழுக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் குதிரையை அழுத்தினேன். அத்தான் நீட்டிய கையோடு மண்டபத்தைச் சுற்றிவரக் கிளம்பினார்.

"எங்கல கூட்டிட்டுப் போற?" என்றாள் அக்கா.

"ஒரு சுத்துக்கா. இப்ப சரி பண்ணிருதேன்."

அவசரமாக ஒரு மெசேஜ் சொன்னேன். "யார் வேணும்னாலும் இறக்கலாம்."

போன் எழுதியது: "யார் வேணும்னாலும் இருக்கலாம்."

பார்த்துத் தடுப்பதற்குள் போய்விட்டது. அன்றிலிருந்து யாரும் மண்டபத்தை விட்டுப் போகவில்லை. சாப்பிட்டவர்கள் மறுபடி அடுத்த பந்தியில் உட்கார்ந்தார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்தவர்களும் வந்து இருந்துவிட்டார்கள். அவர்களுடைய மாப்பிள்ளை முழு அளவு. அவரை யாரும் மதிப்பதில்லை. சமையல்காரர் தன் வீட்டை அழைத்து வந்து கொட்டகைக்குப் பின்னால் குடிவைத்துவிட்டார்.

அத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் அப்பா கூடவே குனிந்து ஓடி, ஓடுகிற வண்டியிலேயே எரிபொருள் ஊற்றுகிறார். நாலு டேங்க் தாண்டிவிட்டது. எஞ்சின் நன்றாகப் பழகிவிட்டது. அத்தானும் பழகிவிட்டார்.

"காத்து நல்லா வருது மச்சான்," என்றார் போன வாரம். "கைதான் வலிக்குது. நீட்டுன கைய மடக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாவ."

அக்கா தாலி கட்டாத கழுத்தோடு ஜன்னலில் நிற்கிறாள். அத்தான் தாண்டும்போது கீழே இறங்கி வந்து தண்ணீர் கொடுக்கிறாள். பால் புகட்டும் சங்கு அளவு போதும். பெண்கள் அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்கப்போகிறார்கள் என்பது பேச்சின் ஓரத்தில் தெரிகிறது. "சுத்து" என்று தொடங்கும் பெயராக இருக்கும் என்று அம்மா நினைக்கிறாள்.

என்னால் இறங்க முடியாது. ரிமோட்டை வைத்தால் வண்டி போன போக்கில் வாய்க்காலில் விழும். பக்கத்தில் நிற்பவருடைய வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. சோப்பு காய்ந்துவிட்டது.

இதைப் படிக்கிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த ஊரில் உங்களையும் யாருக்கும் தெரியாது. அதுதான் நல்லது. அவர்களுக்குத் தெரிந்த ஆட்களெல்லாம் சொரிமுத்து ஆகிவிடுகிறார்கள். நீங்கள் திசையன்விளைப் பக்கம் போனால் மேற்கே திரும்புங்கள். விளக்கெண்ணெய்ப் புகை தெரியும். மண்டப வாசலில் நின்று, "நான்தான்" என்று சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். வண்டி உங்கள் பக்கம் வரும்போது நான் வேகத்தைக் குறைக்கிறேன். சைலன்ஸர் வாயைத் துணியால் அடையுங்கள், சூடாக இருக்கும். அத்தானைக் கையைப் பிடித்து இறக்கிவிடுங்கள். கை சின்னது. ஒரு விரலைக் கொடுத்தால் போதும். பந்தியில் உட்காரச் சொல்வார்கள். தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.